சோலார் போடுவதற்கு முன் மின்வாரிய கார்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்

போன வாரம் சோலார் மானியம் 78,000 ரூபாய் என் கணவரின் கணக்கில் வந்து விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. மாடியில் பேனல் ஏற்றுவது சட்டென்று முடிந்துவிட்ட வேலை. அதற்கு முன்னும் பின்னும் காகிதங்களுக்காக அலைந்ததுதான் மாதக்கணக்கில் இழுத்தது. அந்த அலைச்சலில் பாதியாவது மற்றவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேலூர்ப் பக்கம். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேல்தளத்து அறைகள் இரண்டிலும் ஏ.சி. உண்டு. கோடையில் இரண்டு மாதக் கணக்கு 900 யூனிட்டைத் தாண்டும். மற்ற மாதங்களில் 600-ஐ ஒட்டி நிற்கும். நம் ஊர்க் கட்டணமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்போது எங்கள் கார்டுக்கு 100 யூனிட் இலவசம், அடுத்த 100 மலிவு. ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த மலிவு விலை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். 1000-ஐத் தாண்டினால் பதினொரு ரூபாய்க்கு மேல். எங்களுக்கு வலித்ததெல்லாம் அந்த மேல்தட்டு யூனிட்டுகள்தான்.

2024 பிப்ரவரியில் மாடி சோலாருக்கு மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தை மத்திய அரசு அறிவித்ததும் தெருவுக்கு ஒரு ஏஜென்ட் வந்துவிட்டார். எங்களிடம் வந்தவர் பில்லைப் பார்த்த உடனே, "உங்களுக்கு அஞ்சு கிலோவாட் வேணும் மேடம், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றார். மானியக் கணக்கைப் பாருங்கள்: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. ஐந்து போட்டால் கடைசி இரண்டும் முழுக்க நம் கைக்காசு. ஏஜென்ட் அதைச் சொல்லவில்லை. என் தங்கை வீட்டுக்காரர்தான் சொன்னார். "அக்கா, குடத்துல இருக்கிற ஓட்டையை முதல்ல அடைங்க, அப்புறம் தண்ணி ஊத்தலாம்" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டதில் எங்களுக்கு நிறைய காசு மிச்சம். முதலில் ஃபேன்களை மாற்றினோம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலும் 30 வாட்டை ஒட்டித்தான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் வித்தியாசம். விலை மூவாயிரத்தைச் சுற்றி இருந்தது. ஓயாமல் ஓடுகிற கூடத்து ஃபேனும் படுக்கையறை ஃபேன்களும் இரண்டு வருஷத்துக்குள் போட்ட காசை எடுத்துவிடும். எப்போதாவது ஓடும் விருந்தாளி அறை ஃபேனை நாங்கள் தொடவில்லை. அதை மாற்றுவதில் லாபமே இல்லை.

அடுத்து மாடி. பழைய தட்டோடு போட்ட தளம். பாசியைச் சுரண்டிக் கழுவி, வெள்ளை கூல் ரூஃப் பூச்சு இரண்டு கோட்டு அடித்தோம். மதியம் வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிந்தது. அதைவிட முக்கியம், இரவு பத்து மணிக்கு மேல்கூரையிலிருந்து இறங்கும் அந்த அனல் குறைந்தது. ஏ.சி.யை 26-ல் வைத்து ஃபேனையும் போட்டால் போதும் என்றானது. வருஷா வருஷம் தூசியைக் கழுவவேண்டும், இல்லையென்றால் வெள்ளை மங்கி பலனும் மங்கிவிடும். பழைய ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் நைந்திருந்தது, அதையும் மாற்றினோம். இவ்வளவுக்கும் பிறகு சாதாரண மாதங்களில் 500-க்குள் வந்துவிட்டோம். கோடையில் 700 சொச்சம். இனி மூன்று கிலோவாட் தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்பது பொதுக் கணக்கு. மூன்றுக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட்.

இதுவரை எல்லாம் சுகம். திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய சர்வீஸ் நம்பரைப் போட்டதும் திரையில் வந்தது என் மாமனார் பெயர். அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டிக்கொண்டே இருந்தோம், கார்டில் யார் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். விண்ணப்பதாரர் பெயர், மின் இணைப்பின் பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒத்துப்போகவேண்டும்.

சரி, பெயர் மாற்றிவிடலாம் என்று வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என் கணவரும் நானும் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "மத்த வாரிசுங்க சம்மதம் எங்கம்மா?" என்றார். மாமியார் எங்களோடு இருக்கிறார். நாத்தனார் ஓசூரில், கொழுந்தன் புனேயில். பத்திரத்தாளில் எழுதி, ஆளாளுக்கு கூரியரில் அனுப்பி, கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையோடு மறுபடி போனோம். இப்போது வேறொரு கேள்வி. "கார்டுல நடராஜன்னு இருக்கு, இறப்புச் சான்றிதழ்ல நடராஜ்னு இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த இறப்புச் சான்றிதழ் முதல் தடவையே அவர் கையில்தான் இருந்தது. அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் இரண்டையும் சேர்த்தே முடித்திருப்போம். கால் வலியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "நாப்பது வருஷம் அவரோட குடும்பம் நடத்துனவ நான் உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. விதி இருக்கட்டும், அதை ஒரே மூச்சில் சொல்ல என்ன கஷ்டம்?

அதன் பிறகு நான் செய்தது ஒன்றுதான், அதுவே உதவியது. நேரே உள்ளே போய் உதவிப் பொறியாளரைப் பார்த்து, "சார், இந்தக் கோப்பு முடிய இன்னும் என்னென்ன வேணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். எழுதிக் கொடுத்தார். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், அதோடு மாமனாரின் பழைய ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும். அந்தத் தாளை மேலே பின் செய்து கொடுத்ததும் கவுன்டரில் மறுபேச்சு வரவில்லை.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. பெயர் மாற்ற விண்ணப்பத்தை நிரப்பும்போது வங்கிப் பாஸ்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், சில இடங்களில் அப்பா பெயர் முழுதாகவே வரும். பாஸ்புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். எங்களுக்கு இதைச் சொன்னவரும் அந்த உதவிப் பொறியாளர்தான். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு எல்லாம் முடிந்த பிறகு இனிஷியல் தகராறில் மானியம் தேங்கி நின்றது.

பெயர் மாறியதும் பதிவு, அனுமதி எல்லாம் வேகமாக நகர்ந்தன. பத்து கிலோவாட் வரை சோலார் இணைப்பு தர முடியுமா என்று பார்க்கும் தனி ஆய்வு அறிக்கை தேவையில்லை என்பதால் அந்தக் கட்டத்தில் காத்திருக்கவே இல்லை.

நிறுவுபவரைத் தேர்ந்தெடுக்கும்போது டி.சி.ஆர். பேனல் என்ற சொல்லை மறக்காதீர்கள். செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்ததாக இருந்தால்தான் மானியம். ஒருவர் மற்றவர்களைவிட மிகக் குறைவாக விலை சொன்னார். துருவிக் கேட்டபோது அது டி.சி.ஆர். இல்லை என்று தெரிந்தது. மானியம் போனால் அந்த மலிவு மலிவே அல்ல. நாங்கள் கொடுத்தது ஏறக்குறைய இரண்டு லட்சம், மானியம் போக 1,20,000 சொச்சம். 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது, இப்போது வாங்குபவர்கள் விலையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பேனல் ஏற்றிய அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், வேலைக்குப் போகிற பொழைப்பு. திரும்பி வந்து பார்த்தால், ஸ்டாண்டின் கால்களைத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். தளத்தைத் துளைக்கக்கூடாது, கான்கிரீட் கட்டை வார்த்து அதன் மேல் நிறுத்தவேண்டும் என்றுதான் பேச்சு. கேட்டதற்கு, "காத்துக்கு இதுதான் மேடம் ஸ்ட்ராங்" என்றார் மேஸ்திரி. காற்றுக்குப் பயப்பட வேண்டியதுதான், ஆனால் போதிய எடையோடு கட்டை வார்த்தால் அதுவும் நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நாங்கள் பயந்தது நடந்தது. காசு போட்டுப் பூச்சு அடித்த அதே கூரையின் கீழ், படுக்கையறைச் சுவர் மூலையில் ஈரம் படர்ந்தது.

கரண்ட் போனால் சோலாரும் போகும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நடு மதியம், சுள்ளென்று வெயில், மின்வெட்டு, வீட்டில் ஒரு ஃபேன் கூட ஓடாது. லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், அது சரியான ஏற்பாடுதான். ஆனால் விற்க வந்த யாரும் இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. என் மாமியார் போன்ற பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பழைய பேட்டரி யு.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசிச் சிக்கல் மீட்டரில் வந்தது. இருவழி மீட்டரில் நாம் எடுத்த யூனிட் தனியாகவும் நாம் லைனுக்குக் கொடுத்த யூனிட் தனியாகவும் ஓடும். முதல் ரீடிங் எடுக்க வந்தவர் எடுத்ததை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டார். பில் பெரிதாக வந்தது. நல்ல வேளையாக மீட்டர் மாட்டிய நாளிலும் ரீடிங் எடுத்த நாளிலும் இரண்டு எண்களையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டியதும் அன்றைக்கே திருத்திக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் குரல் உயர்த்தாமல் ஒரு வேலை முடிந்தது அன்றுதான்.

லாபக் கணக்கு கேட்பவர்களுக்கு: எங்களுக்கு வருஷத்துக்குப் பதினெட்டாயிரத்தைச் சுற்றி மிச்சமாகும் போல் தெரிகிறது. போட்ட காசு திரும்ப ஆறேழு வருஷம். நான்கே வருஷத்தில் எடுத்துவிடலாம் என்பவர்கள் மாதா மாதம் எக்கச்சக்கமாக எரிக்கும் வீட்டை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு சோலார் வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்கள் கட்டும் தொகையே சொற்பம். அந்த வீட்டில் ஃபேனை மாற்றி, கூரைக்கு வெள்ளை அடித்தால் போதும், வீடும் குளிரும்.

கூரை ஒழுகல் என்ன ஆனது என்றால், மீட்டர் ஓடத் தொடங்கி, மழைக்காலமும் முடிந்த பிறகுதான் கடைசிப் பத்து சதவீதம் என்று என் கணவர் பேசும்போதே எழுதி வாங்கியிருந்தார். அந்தப் பணம் எங்கள் கையில் இருந்ததால் நிறுவியவர் ஆள் அனுப்பினார். போல்ட்டுகளை எடுத்து, துளைகளை அடைத்து, கான்கிரீட் கட்டைகள் வார்த்து, அந்த இடத்தில் மறுபடி பூச்சு அடித்துக் கொடுத்தார்கள். நீங்கள் ஒப்பந்தம் போடும்போது தளத்தைத் துளைக்கக்கூடாது என்பதையும், மழை முடிந்த பிறகே கடைசித் தவணை என்பதையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லி, அவர் கையெழுத்தையும் அதன் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.