செண்பகத்துக்கு வைத்த பதி

செப்டெம்பர் 14
கச்சான் இன்னும் ஓயவில்லை. கிணறு உவர்த்துவிட்டது. செண்பகத்தின் இளம் இலைகள் மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சை. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இந்த மரத்துக்கு இரும்புச்சத்து எட்டாது. இனிக் குழாய்த் தண்ணீர் முதலில் இதற்குத்தான்.

செப்டெம்பர் 15
அண்ணா மறுபடியும் தொலைபேசியில் எடுத்தார். தை பிறந்ததும் வீட்டை வாங்குகிறவர்களிடம் திறப்பைக் கொடுத்துவிட வேண்டுமாம்.

செப்டெம்பர் 19
மரத்தைத் தோண்டி எடுத்துப் போகலாமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். மக்னோலியா இனத்துக்குச் சதைப்பற்றான வேர். முறிந்தால் மீள்வது அரிது. விதை போடலாம்தான். சிவப்புத் தோல் உலருமுன் விதைக்க வேண்டும், பிறகு பூவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்படியே பூத்தாலும் அது வேறு மரம். அப்பா நட்ட அதே மரம்தான் எனக்கு வேண்டும். ஆகவே பதி: கிளையை மரத்திலேயே வேர்விட வைத்து, பிறகு அறுத்து நடுவது.

செப்டெம்பர் 22
இரண்டு கிளைகளில் வைத்தேன். பென்சில் பருமனுக்குச் சற்று மேல். பட்டையை மோதிரம் போல் உரித்து, அடியிலிருந்த வழுவழுப்பைக் கத்தி முதுகால் சுரண்டி, வேர்த்தூள் தடவி, நனைத்துப் பிழிந்த தும்பைச் சுற்றிப் பொலித்தீனால் இறுகக் கட்டினேன். கையில் பச்சைப் பட்டை வாசம். சாப்பிடும்போதும் போகவில்லை.

ஒக்டோபர் 3
ஒன்றுமில்லை.

ஒக்டோபர் 11
இலைகளில் பச்சைப் புழுக்கள். மருந்து அடிக்கச் சொன்னார்கள். மாட்டேன். வால் வைத்த பச்சைப்புள்ளி வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கப் போகிறவை அவை. நாலு இலை போனால் போகட்டும்.

ஒக்டோபர் 26
நல்ல மழை. உச்சிக்கிளையில் ஒரு பூ; காலையில் வெளிர் மஞ்சள், மாலையில் செம்மஞ்சள். உள்ளே கருவண்டு ஒன்று மகரந்தம் பூசிக்கொண்டு கிடந்தது. தேனீக்கள் தோன்றுமுன்பே உலகில் பூத்த குடும்பம் இது என்று படித்திருக்கிறேன். பறித்துப் பத்திரகாளி அம்மனுக்குக் கொண்டுபோனேன். பதியைப் பற்றி மட்டுமே வேண்டினேன். வீட்டைப் பற்றி வாயே வரவில்லை.

நவம்பர் 9
வாங்குகிறவர்கள் வளவை அளந்தார்கள். செண்பகம் நிற்கிற இடத்தில் கார் கொட்டகையாம். வெயில் தாங்காத காருக்காக, உப்பையும் கச்சானையும் இத்தனை காலம் தாங்கிய மரத்தைத் தறிப்பதா? அண்ணாவுக்கு எழுதினேன். ‘விற்ற பிறகு அது அவர்கள் பாடு’ என்று பதில். இரவு முழுவதும் தூக்கமில்லை. நான் போகப்போவது கொழும்பில், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்கு. காட்டில் 30 மீற்றருக்கு மேல் வளரும் மரத்தைச் சட்டியில் எத்தனை நாள் வைப்பது? தம்பலகாமத்து மாமியைக் கேட்க வேண்டும். அங்கே வயல் மண், நல்ல தண்ணீர்.

நவம்பர் 10
மாமி ஓம் என்றுவிட்டார்!

நவம்பர் 23
கிழக்குக் கிளையில் வேர். பொலித்தீனை ஒட்டி நூல் போல வெள்ளையாக இரண்டு. மற்றதில் தும்பு கறுத்துவிட்டது.

நவம்பர் 24
இப்போதே அறுக்கக் கூடாது. வேர் பழுப்பாகித் தும்பைப் பின்ன வேண்டும். அண்ணா எடுத்தார், திகதியை முன்னே தள்ளலாமா என்று. முடியாது என்றேன்.