சேப்பாக்கத்துக்கு எதில் போவது?

சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். டிக்கெட் எப்படிக் கிடைத்தது? எதில் போகிறாய்? முதல் கேள்விக்கு என்னிடம் உருப்படியான பதில் கிடையாது. இரண்டாவதற்கு உண்டு. குடியிருப்பது தாம்பரம் பக்கம். மின்ரயில், மெட்ரோ, பஸ், ஆட்டோ, பைக், மைத்துனரின் கார் என்று எல்லாவற்றிலும் போய்ப் பார்த்தாயிற்று.

போகும்போது எதில் போனாலும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம். மதியம் மூன்று மணியிலிருந்தே கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். சிக்கல் இரவில்தான். ஐபிஎல் ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகிவிடும். சுமார் 38,000 பேர் உட்காரும் மைதானம் அரை மணி நேரத்தில் காலியாகும். அத்தனை பேரும் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா ஹாஸ்டல் சாலை என்ற மூன்று சாலைகளில்தான் வந்து விழ வேண்டும். அதனால் எதில் திரும்புவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன்.

மைதானத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் விடுவது பறக்கும் ரயில், அதாவது தூண்கள் மேல் உயர்பாதையில் ஓடும் மின்ரயில். 1995ல் இந்த ரயில் முதலில் ஓடத் தொடங்கியபோது கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரைக்கும்தான் பாதை. வேளச்சேரிக்கு நீண்டது 2007ல். தாம்பரத்திலிருந்து வருபவர்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து போய்ப் பறக்கும் ரயிலுக்கு மாறுவார்கள். எனக்கு அதைவிட, ஒரு நிறுத்தம் தாண்டிக் கோட்டை நிலையத்தில் இறங்கி பிளாட்பாரம் மாறுவது வசதி. வெயிலில் ரோட்டுக்கு வர வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டை தாண்டியதும் கீழே கூவம், அப்புறம் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள். அந்த இடத்தில் பெட்டியில் யாராவது ஒருவர் விசில் அடிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

போன முறை விழுப்புரத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். சித்தி கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலங்களை மஞ்சள் பையில் வைத்திருந்தார். உள்ளே சாப்பாடு, தண்ணீர் பாட்டில், பை எதையும் விடமாட்டார்கள் என்று தாம்பரத்திலேயே சொன்னேன்.

"கிரிக்கெட் பாக்கப் போற எடத்துல புளியோதரை என்னடா பண்ணும்?"

"சித்தப்பா, கேட்ல தூக்கிப் போடச் சொல்லுவாங்க."

"அப்ப அதுக்கு முன்னாடியே சாப்ட்றலாம்."

சேப்பாக்கம் ஸ்டேஷன் பார்த்தவர்களுக்குத் தெரியும், பறக்கும் ரயில் நிலையங்களுக்கே உரிய அந்தப் பிரம்மாண்டமான, வெளிச்சம் குறைந்த, எதற்கென்றே தெரியாத வெற்று மண்டபம். அங்கே ஒரு தூணோரம் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து முடித்தோம். எதிரே மஞ்சள் ஜெர்சி போட்ட நான்கு கல்லூரிப் பையன்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சித்தப்பா கேட்காமலேயே ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டார். வாழையிலையில் ஒட்டியிருந்த வேர்க்கடலையைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. அந்த மண்டபத்துக்கு ஒரு பயன் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெட்ரோவில் வருவதானால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்க வேண்டும். சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தம். தாம்பரம் பக்கத்துக்காரர்கள் மின்ரயிலில் கிண்டி வந்து மாறிக்கொள்ளலாம். பெட்டியில் ஏசி, இறங்கியபின் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. அண்ணா சிலையிலிருந்து வாலாஜா சாலையில் திரும்பினால் வழி கேட்க வேண்டியதில்லை, கூட்டமே கூட்டிக்கொண்டு போகும். கலைவாணர் அரங்கத்துப் பக்கம் வரும்போதே கன்னத்தில் சிங்கம் வரைகிறவர்கள், கொடி விற்கிறவர்கள், பிளாட்பாரத்தில் குவித்த ஜெர்சிகள். எல்லா ஜெர்சியிலும் எண் 7தான். வேறு எண் கேட்டால் விற்கிறவர் நம்மை ஒருமாதிரி பார்க்கிறார்.

இந்த நடைக்காகவே நான் மெட்ரோவைச் சொல்வேன். மார்ச் மாத ஆட்டம் ரமலானோடு சேர்ந்து வந்தால் இன்னும் நன்றாக இருக்கும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1795ல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரமும் டாஸ் போடும் நேரமும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். தொப்பி அணிந்தவர்களும் மஞ்சள் சட்டைக்காரர்களும் ஒரே டீக்கடை வாசலில் நிற்பார்கள். பசித்தால் அதே நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே இருக்கிறது. இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். மேட்சைச் சாக்காக வைத்து இதற்காகவே ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவேன்.

பஸ் என்றால் அண்ணா சதுக்கம் போகும் வண்டி எதுவும் சரி. கோயம்பேட்டிலிருந்து 27பி, பூந்தமல்லியிலிருந்து 25ஜி. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட்டே வேண்டாம். ஆனால் மேட்ச் நாளில் போலீஸ் போக்குவரத்தை மாற்றிவிடுவதால், எங்கே இறக்கிவிடுவார்கள் என்பது கண்டக்டருக்கே கடைசி நிமிடத்தில்தான் தெரியும். 2024 ஐபிஎல்லில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் ஏசி இல்லாத மாநகரப் பேருந்துகளில் இலவசம் என்று விட்டார்கள். இந்த மாதிரிச் சலுகை ஒவ்வொரு வருடமும் மாறும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ, "எல்லிஸ் ரோடு முனை வரைக்கும்தான் சார், அதுக்கு மேல பேரிகேட்" என்பதோடு முடிந்துவிடும். மீதியை நடக்க வேண்டியதுதான். பைக்கில் போனால் ஹெல்மெட்தான் தலைவலி. உள்ளே அனுமதி கிடையாது, வெளியே விட்டால் இருக்குமோ இருக்காதோ. சங்கிலி போட்டு வண்டியோடு பூட்டிவிட்டுப் போகிறவர்கள் புத்திசாலிகள். காருக்கு மைதானத்தை ஒட்டிய பார்க்கிங் பாஸ் இல்லாவிட்டால் மெரினா உட்புறச் சாலைதான் கதி. திரும்பும்போது அங்கிருந்து காமராஜர் சாலைக்கு வெளியே வர எடுக்கும் நேரத்தில் செங்கல்பட்டுக்கே போய்விடலாம் என்றார் மைத்துனர். கார் பேச்சை அதற்கப்புறம் நாங்கள் எடுக்கவில்லை.

சரி, இரவுக்கு வருவோம். பறக்கும் ரயிலில் திரும்புவதாக இருந்தால் போகும்போதே ரிட்டன் டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் அந்தக் கவுண்டர் பக்கம் போக முடியாது. ஆட்டம் நீண்டுவிட்டால் வண்டியே இருக்குமா என்பதும் சந்தேகம். மேட்ச் நாட்களில் சிறப்பு ரயில் விடுவதாக அறிவித்தார்களா என்று காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. படிக்கட்டில் நெரிசல் அதிகம். சித்தப்பா மாதிரி முழங்கால் வலி உள்ளவர்களை அந்த நேரத்தில் அங்கே ஏற்றவே மாட்டேன்.

அவரை நடக்க வைத்து அரசினர் தோட்டத்துக்குத்தான் கூட்டிவந்தேன். கடைசிப் பந்து முடிந்ததும் ஓடவில்லை. கால் மணி நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வாலாஜா சாலையில் மெதுவாக நடந்து, வழியில் பால் குடித்து வந்தோம். வழக்கமாகப் பதினொன்றோடு முடியும் மெட்ரோவை ஐபிஎல் இரவுகளில் நீட்டித்து ஓட்டுகிறார்கள், அன்றும் அப்படித்தான். வாசலில் வரிசை நீளம்தான், ஆனால் அடுத்தடுத்து வண்டி வந்ததால் நகர்ந்துகொண்டே இருந்தது. கிண்டியில் இறங்கி மின்ரயில் பிடிக்கலாம் என்ற கணக்கு மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம், கடைசி வண்டி போயிருக்கும். நேராக விமான நிலையம் வரை போய், ஜிஎஸ்டி சாலைக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்தோம். தலைக்கு ஐம்பது ரூபாய் கேட்டார். சித்தப்பா பேரம் பேசி நாற்பதுக்கு முடித்தார்.