கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? குமரி மாவட்டத்தில் டேகேர் தேடிய அனுபவம்

டேகேர் விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் கேட் பூட்டும் நேரத்தைக் கேளுங்கள். ஃபீஸை அதற்குப் பிறகு கேட்டால் போதும். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இடம் தேடி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று ஏறி இறங்கியதில் பணத்தைவிட நேரம்தான் எங்களை அலைக்கழித்தது. போர்டில் "ஃபுல் டே" என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே போய்க் கேட்டால் 3.30 மணிக்கு ஆயாம்மா கிளம்பிவிடுவார் என்பார்கள். ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டு, வடசேரியில் பஸ் பிடித்து வருகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிள்ளையை எங்கே விடுவது?

காலை நேரமும் அப்படித்தான். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ ஷிப்டு பார்க்கும் நர்ஸ்களுக்கு 9.30 மணிக்குத் திறக்கிற ப்ளே ஸ்கூலால் ஒரு பயனும் இல்லை. தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வருகிறவர்கள் அதற்குள் ஊரைத் தாண்டியிருக்கும் கழக்கூட்டமே சேர்ந்திருப்பார்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே வீட்டை விட்டு இறங்குகிறார்கள். அவர்களுக்கெல்லாம் இன்று வரை டேகேர் என்பது பிள்ளையின் ஆச்சியோ பக்கத்து வீட்டு அக்காவோதான்.

அதனால் விலையை மாதக் கணக்கில் ஒப்பிடாதீர்கள், மணிக்கணக்கில் ஒப்பிடுங்கள். ஒரு இடம் மாதம் 2,500 கேட்கிறது, காலை 9.30 முதல் 3.30 வரை, சனிக்கிழமை லீவு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரம், 22 நாள், மொத்தம் 132 மணி. மணிக்கு 19 ரூபாய் ஆகிறது. இன்னொரு இடம் 4,500 கேட்கிறது, காலை 8 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமையும் உண்டு. பத்து மணி நேரம், 25 நாள், 250 மணி. மணிக்கு 18 ரூபாய்தான். முதல் இடத்தில் 3.30க்குப் பிறகு பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் வைக்க வேண்டும், அங்கிருந்து அவர் வீட்டுக்கு ஆட்டோ வேறு. மலிவு என்று தோன்றியதுதான் கடைசியில் கூடுதலாகச் செலவு வைக்கும். அட்மிஷன் ஃபீஸ், யூனிஃபார்ம், புத்தகம், "ஆக்டிவிட்டி" கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதக் கட்டணத்தோடு சேர்த்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அடுத்தது லீவு நாள். நம் மாவட்டத்தில் வேலைக்குப் போகும் பெற்றோர் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு டிசம்பர் 3, சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை, சிவராத்திரி, அய்யா வைகுண்டர் அவதார நாளான மாசி 20, தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1 என்று உள்ளூர் விடுமுறை வரிசையாக வரும். அரசு ஆபீசும் பள்ளிக்கூடமும் மூடும். பேங்கிலோ தனியார் கம்பெனியிலோ இருப்பவருக்கு அன்றைக்கு வேலை உண்டு. திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவருக்குக் கேட்கவே வேண்டாம், அங்கே இந்த நாட்களில் பெரும்பாலானவை வேலை நாள். இது போக இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. காலையில் கலெக்டர் மழை விடுமுறை அறிவித்துவிட்டால் ஸ்கூலோடு சேர்ந்த டேகேரும் பெரும்பாலும் திறக்காது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை கோடை விடுமுறை. "ஸ்கூல் லீவு அன்னைக்கு டேகேர் உண்டா, மே மாசம் உண்டா, மழை லீவுக்கு உண்டா" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிலை எழுதி வாங்குங்கள். "பாத்துக்கலாம் மேடம்" என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் அங்கன்வாடியை ஒதுக்காதீர்கள். இரண்டு வயது நிறைந்த பிள்ளையைச் சேர்க்கலாம். கட்டணம் கிடையாது. மதியம் சூடான சாப்பாடு, முட்டை, மாதாமாதம் எடை பார்ப்பது எல்லாம் உண்டு. டீச்சர் நல்லபடி அமைந்துவிட்டால் பல தனியார் ப்ளே ஸ்கூலைவிடப் பிள்ளை சந்தோஷமாக இருக்கும். சேர்ப்பதும் எளிது. சாயங்கால நேரம்தான் சிக்கல், நாங்கள் பார்த்த மையங்களில் 3.30 மணியிலிருந்தே கூட்டிப் போகச் சொல்லிவிடுகிறார்கள். மே மாதம் லீவும் உண்டு. மையத்துக்குப் பக்கத்திலேயே மாலை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் இந்த ஏற்பாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மத்திய அரசின் குழந்தைகள் காப்பகத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அதன் பெயர் பால்னா. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம். மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் நடத்த வேண்டும் என்பது விதி. சில அங்கன்வாடிகளையே காப்பகத்தோடு சேர்த்து நடத்துவதும் இதன் கீழ்தான். இதைப் பற்றி விசாரிக்கப் போனபோது ஒரு அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் இங்க இல்ல, சமூக நலத்துல போய்க் கேளுங்க" என்றார். அங்கே போனால், "ஐசிடிஎஸ்ல கேக்கணும்" என்று, அதாவது அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்கு, அனுப்பிவிட்டார்கள். அரை நாள் லீவு போட்டுப் போனது வீண். ஆத்திரம்தான் மிச்சம்.

நீங்கள் அப்படி அலைய வேண்டாம். உங்கள் வட்டாரத்துக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு நேராக ஒரு மனு எழுதுங்கள். மாவட்டத்தில் ஒன்பது வட்டாரங்கள் இருக்கின்றன, உங்கள் ஊர் ராஜாக்கமங்கலமா குருந்தன்கோடா முஞ்சிறையா என்பதை முதலில் தெரிந்துகொண்டு போங்கள். வட்டாரம் மாறிப் போனால் அங்கிருந்தும் திருப்பி அனுப்புவார்கள். மனுவில் ஒரே கேள்வி போதும்: இந்த வட்டாரத்தில் காப்பகத்தோடு சேர்ந்த அங்கன்வாடி எவை, அவற்றின் நேரம் என்ன? இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல் போட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்தச் சீல் போட்ட பிரதியை இணைத்துக் கொடுங்கள், கையோடு ரசீது தருவார்கள். வாயால் கேட்டபோது யாருக்கும் தெரியாதிருந்த விவரம், மனு எண் வந்த பிறகு ஃபோனிலேயே எங்களைத் தேடி வந்தது.

அம்மா வேலை பார்க்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தில் திருத்தமாக வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதிப்படி 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். நம் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரி, இன்ஜினியரிங் காலேஜ், பெரிய ஜவுளிக்கடை, முந்திரி ஆலை என்று இந்த எண்ணிக்கையைத் தாண்டும் இடங்கள் எத்தனையோ உண்டு. தனி ஆளாகக் கேட்டால் "பாக்கலாம்" என்பார்கள். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுங்கள். கட்டடம் கட்டித் தர இடமில்லை என்றால் பக்கத்து டேகேரோடு ஏற்பாடு செய்து கட்டணத்தை ஏற்கச் சொல்லலாம், அது அவர்களுக்கும் எளிது.

சேர்க்கையின்போது மாட்டுவது பிறப்புச் சான்றிதழ். தடுப்பூசி அட்டை, பெற்றோர் ஆதார், போட்டோ எல்லாம் யாரிடமும் இருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குக் கல்வி நிலையச் சேர்க்கையில் வயதைக் காட்ட அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருந்து பதியும்போது பெயர்க் கட்டம் காலியாகவே போயிருக்கும். அதோடு போய் நின்றால் "பேர் ஏத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள், சீட்டைப் பிடித்து வைக்கவும் மாட்டார்கள். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை, தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு.

களியக்காவிளை, கொல்லங்கோடு, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரசவம் நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ நடந்திருந்தால் பதிவு அங்கேதான் இருக்கும். நம் பேரூராட்சியிலோ நாகர்கோவில் மாநகராட்சியிலோ எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாலும் பெயர் ஏற்ற முடியாது. கவுன்ட்டருக்கு வந்த பிறகுதான் இதைச் சொல்வார்கள். குழந்தை பிறந்த இடத்து உள்ளாட்சியில்தான் சேர்க்க வேண்டும். கேரளத்தின் கே-ஸ்மார்ட் தளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்க வழி இருக்கிறது, பஸ் ஏறும் முன் அதைப் பாருங்கள். அப்பா அம்மா பெயரின் எழுத்து ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். மலையாள வழக்கில் எழுதிய பெயரும் நம் ஆதார்ப் பெயரும் ஒத்துப்போகாமல் பலர் திணறுகிறார்கள்.

இடத்தை நேரில் பார்க்கச் சரியான நேரம் மதியம் 1 முதல் 2.30 வரை. அட்மிஷன் அறையைக் காலை பத்து மணிக்குப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். மதியம் போனால் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், எத்தனை பேருக்கு ஒரு ஆயா, ஃபேன் எத்தனை, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதா, டிவி ஓடிக்கொண்டே இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். உள்ளே விட மறுத்து, வாசலிலேயே பேசி அனுப்பிய இடத்தை நாங்கள் அன்றைக்கே பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம்.

முக்கியமாகக் கிணறு. நம் ஊர் வீடுகளில் முற்றத்தில் கிணறு இல்லாத வீடு அபூர்வம், டேகேர்களில் பல அப்படிப்பட்ட பழைய வீடுகளில்தான் நடக்கின்றன. கைப்பிடிச் சுவர் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு ஸ்டூலோ வாளியோ கிடந்தால் மூன்று வயதுப் பிள்ளை ஏறிவிடும். மேலே பூட்டோடு இரும்புக் கம்பி மூடி வேண்டும். செப்டிக் டேங்க் மூடி, பின்வாசல் தாழ்ப்பாள், கேட்டைத் தாண்டினால் குளமோ கால்வாயோ இருக்கிறதா என்பதையும் சுற்றி நடந்து பாருங்கள். இதைக் கேட்டால் சில இடங்களில் முகம் மாறும். மாறட்டும்.

ப்ளே ஸ்கூல் என்றால் கல்வித் துறை அங்கீகார நகலைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கு 2015இல் தனி விதிமுறையே வந்துவிட்டது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். 2004 கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்த மாநிலம் நம்முடையது. இந்தத் தாள்களைக் காட்டச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

டயப்பர் போடும் பிள்ளையை எடுப்பார்களா என்று ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பாத்ரூம் போகச் சொல்லத் தெரிந்த பிள்ளையைத்தான் சேர்ப்பார்கள், அங்கே போன பிறகுதான் அதைச் சொல்வார்கள். காய்ச்சல் விதியையும் கேளுங்கள். முதல் சில மாதம் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும், தக்காளிக் காய்ச்சல் ஒரு பிள்ளைக்கு வந்தால் வரிசையாகப் பரவும். நோய்ப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் இடம்தான் நல்ல இடம். அதற்காக வீட்டில் இருவரும் லீவை மிச்சம் பிடித்து வைத்திருக்க வேண்டும். மருந்து கொடுத்து அனுப்பினால் பெயர், அளவு, நேரம் மூன்றையும் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். சாப்பாட்டுக்குக் குழைத்த சோறும் பயறும், இடையில் ஒரு மட்டி வாழைப்பழமும் போதும். பாக்கெட் பிஸ்கட் கொடுக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்குக் கடைசியில் அமைந்தது ஒரு சின்ன இடம். 8 மணிக்குத் திறந்து 6 மணிக்கு மூடுகிறார்கள், மே மாதமும் உண்டு. போர்டுகூடச் சரியாக இல்லை. பக்கத்துத் தெருவில் அங்கே பிள்ளையை விடும் ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு நீங்கள் விரும்பும் ஏரியாவில் நின்று, சின்னப் பையோடு யார் யார் எந்த வீட்டுக்குள் போகிறார்கள் என்று பார்த்தால் ஆன்லைனில் இல்லாத இடங்கள் தெரியவரும்.

பணம் கட்டும் முன் நேரம், லீவு நாள், தாமதமானால் மணிக்கு எவ்வளவு, யார் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம், நிறுத்தினால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் கல்விக் கட்டணத்தையும் டேகேர் கட்டணத்தையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ப்ளே ஸ்கூலின் கல்விக் கட்டணத்துக்குக் கழிவு கிடைக்கும், ஒரே தொகையாக எழுதிவிட்டால் மார்ச் மாதம் அதைப் பிரித்துக் காட்ட முடியாது.