லோத்தின் மனைவியும் எங்கள் வாலிபர் கூட்டமும்

வாலிபர் கூட்டத்துக்குத் தலைவர்கள் எப்படிக் கிடைக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், "ஆண்டவரின் அழைப்பு" என்று சொல்வதுதான் மரியாதை. உள்ளபடி நடப்பது வேறு. ஆண்டுக் கூட்டத்தின் முடிவில் சபைப் போதகர் ஐயா எழுந்து, "இந்த வருஷம் பொறுப்பெடுக்க மனமுள்ளவங்க கையை உயர்த்தலாம்" என்பார். அடுத்த நொடி எல்லாத் தலைகளும் கவிழ்ந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் ஏறெடுக்கப்படும் உருக்கமான ஜெபம் எந்த முழு இரவு ஜெபத்திலும் ஏறெடுக்கப்படுவதில்லை. கடைசியில், அன்றைக்கு வராதவர் தலைவர் ஆவார். ஃபேன் சுவிட்சைப் போட எழுந்தவர் உதவித் தலைவர் ஆவார். நான் ஃபேன் சுவிட்ச் வகையைச் சேர்ந்தவன்.

தலைவர்களைத் தேர்ந்தெடுக்க வேதாகமத்தில் தெளிவான தகுதிப் பட்டியலே இருக்கிறது. யாத்திராகமம் 18-ல், மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாளாக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்க்கிறார் மாமனார் எத்திரோ. இப்படியே போனால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள், திறமையுள்ளவர்கள், இப்படிப்பட்டவர்களைப் பார்த்து ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று நியமி என்பது அவர் யோசனை. எங்கள் குழுவில் இவற்றில் "பொருளாசையை வெறுத்தல்" மட்டும் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு பொருந்தும். சம்பளம் என்று ஒன்று இருந்தால்தானே ஆசைப்பட. மற்றபடி எங்களிடம் நடைமுறையில் பார்க்கப்படும் தகுதி, வண்டி இருக்கிறதா, "முடியாது" என்று சொல்லத் தெரியாதா என்பதுதான். பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்ற கணக்கும் பரீட்சை மாதங்களில் தலைகீழாகிவிடும். தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம், வாலிபர் ஒருவர் வந்திருப்பார். அவரும் குடையை விட்டுவிட்டுப் போனவர்.

என்னோடு பொறுப்பில் இருந்த அக்காவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்டிப்பானவர். அவர் "கண்களை மூடுவோம்" என்றால் சுவரில் இருக்கும் பல்லிகூட மூடும். எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார். ஒருநாள் எதையோ படித்துவிட்டு வந்தார். 1881-ல் அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்ற ஊரில் பிரான்சிஸ் கிளார்க் என்கிற போதகர் வாலிபருக்காக கிறிஸ்டியன் எண்டெவர் என்ற சங்கத்தைத் தொடங்கினாராம். அதில் சேருகிறவர்கள், ஜெபக்கூட்டத்தில் பாட்டுப் பாடுவது போக வேறு ஏதாவது ஒரு பங்கெடுப்போம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டுமாம். "பார்த்தியா? சும்மா உட்கார்ந்துட்டுப் போக விடல. அதான் அந்தச் சங்கம் உலகம் பூரா பரவுச்சு" என்றார்.

அடுத்த வாரமே நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரும் சத்தமாக ஒரு வரியாவது ஜெபிக்க வேண்டும். முதல் தம்பி திணறித் திணறி நன்றாகவே ஜெபித்தான். இரண்டாவது தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆண்டவரே, முன்னாடி பேசின சகோதரர் சொன்னதை நான் வழிமொழிகிறேன், ஆமென்" என்றான். அதற்கப்புறம் வழிமொழிதல்தான். வட்டம் முழுக்கச் சுற்றி என்னிடம் வந்தபோது, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

மனன வசனமும் அக்காவின் திட்டம்தான். வாரம் ஒரு வசனம், யாருக்கு எது பிடிக்கிறதோ அது. சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஞாயிறு பள்ளியில் ஒரு நாளாவது பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும். முதல் வாரம் பாதிப் பேர் யோவான் 11:35. "இயேசு கண்ணீர் விட்டார்." கேட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமை. அந்த வசனத்துக்குத் தடை போட்டார் அக்கா. அடுத்த வாரம் 1 தெசலோனிக்கேயர் 5:16, "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." முந்தின ராத்திரி செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தது. அரியர் வைத்த முகத்தோடு ஒவ்வொருவராக எழுந்து, எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்ததைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அதற்கும் தடை. பக்கத்து வசனமான "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்பதற்கு முன்கூட்டியே தடை.

மூன்றாவது வாரம் ப்ரொஜெக்டர் தம்பி எழுந்தான். இவன் பேசிக் கேட்டவர்கள் குறைவு. பாட்டு வரிகளைத் திரையில் போடுவது அவன் வேலை. லேப்டாப்புக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரியும். எழுந்து, எந்த முகபாவமும் இல்லாமல், "லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள். லூக்கா 17:32" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒட்டுமொத்தக் கூட்டமும் சிரித்ததில், மேலே பாடகர் குழுப் பயிற்சி நின்றுவிட்டது. அக்கா புரட்டிப் பார்த்தார். வசனம் அப்படியே இருந்தது. சோதோமை விட்டு ஓடும்போது திரும்பிப் பார்த்து உப்புத்தூணானவள்தான் லோத்தின் மனைவி. இயேசுவே சொன்னது. தடை போட வழியில்லை. அன்று முதல் யாராவது கூட்டம் முடியுமுன் நழுவப் பார்த்து, வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், உள்ளேயிருந்து "லோத்தின் மனைவி!" என்று குரல் வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அக்கா தளரவில்லை. "பசங்களுக்கு விசுவாசத்தில ஊக்கம் குறையுது. ஒருத்தரை ஒருத்தர் உற்சாகப்படுத்தணும்" என்றார். சீட்டுப் பெட்டி பிறந்தது. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். வந்த பெயருக்கு, தன் பெயரைச் சொல்லாமல், ஊக்கமூட்டும் நாலு வரி எழுதி அடுத்த வாரம் பெட்டியில் போட வேண்டும். கேட்க அருமையாக இருந்தது.

அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தோம். ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." தப்பில்லை. நல்ல வசனம்தான், வாழ்த்து அட்டையிலிருந்து வண்டி ஸ்டிக்கர் வரை போகாத இடமில்லை. ஆனால் ஒரு தங்கச்சி வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். "அக்கா, இது பாபிலோனுக்குச் சிறையாப் போனவங்களுக்கு எழுதின கடிதம். இதுக்கு முந்தின வசனத்தில எழுபது வருஷம் நிறைவேறின பின்புன்னு இருக்கு. என் அரியர் பேப்பருக்கு அவ்வளவு நாள் யூனிவர்சிட்டி டைம் தராது."

அன்றைக்கு நடந்த உருப்படியான வேத ஆராய்ச்சி அதுதான். சீட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு அந்த அதிகாரத்தையே வாசித்தோம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சிலர் ஆசை காட்டிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா எழுதுகிறார். ஸ்டிக்கரில் வரும் ஒற்றை வரியைவிட இது எவ்வளவோ கனமான ஆறுதல். அரியர் தங்கச்சிக்கும் அது பிடித்திருந்தது. "அப்ப படிச்சுத்தான் ஆகணும்" என்று பெருமூச்சு விட்டாள்.

மற்றக் கடிதங்களில் ஒருவனுக்கு அவன் பெயரே வந்திருக்கிறது. மாற்றிக் கேட்காமல், தனக்குத்தானே ஒரு பக்கம் எழுதியிருந்தான். "உன் தாழ்மை என்னை மிகவும் கவர்ந்தது" என்று ஆரம்பம். எனக்கு வந்ததை இன்னும் வைத்திருக்கிறேன். "அண்ணா, உங்க செய்தி எல்லாமே நல்லா இருக்கும். 'கடைசியாக' என்று நீங்க சொன்ன பிறகு வருகிற அரை மணி நேரம் இன்னும் நல்லா இருக்கும்." எழுதியது யார் என்று விசாரிக்கவில்லை. பெயர் தெரியாமல் எழுதச் சொன்னது நாங்கள்தானே.

ப்ரொஜெக்டர் தம்பிக்கு வந்த கடிதத்தை, அவன் லேப்டாப்பில் விரித்து வைத்திருந்ததால் போகிற போக்கில் பார்த்துவிட்டேன். வசனம் எதுவும் இல்லை. "நீ வராத வாரம் பாட்டு வரி எல்லாம் ஒரு வரி பிந்தி வந்துச்சு. அப்பத்தான் நீ தினமும் எங்களுக்கு முன்னாடியே பாடிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது." எழுத்து கொம்பும் சுழியும் நேராக, அளவெடுத்தது போல இருந்தது. எங்கள் வருகைப் பதிவேடு முழுக்க அந்தக் கையெழுத்துதான். அவன் அதை நாலாக மடித்து போன் கவருக்குள் வைத்துக்கொண்டான்.

அதற்குச் சில வாரம் கழித்து அவனே என்னிடம் வந்து, "அண்ணா, கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றான். எங்களிடம் ஒரு விதி உண்டு. தலைவர் யாரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, இன்னொரு பெரியவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நல்ல விதி, எல்லாச் சபைகளிலும் இருக்க வேண்டிய விதி. ஆகவே நாங்கள் கூடத்தின் ஒரு மூலையில் உட்கார, மறு மூலையில் அக்கா நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தார்.

"ஜெபம் பண்ணா ஒண்ணுமே தோணலண்ணா. சும்மா சுவரோட பேசற மாதிரி இருக்கு. எல்லாரும் கண்ணீரோட ஜெபிக்கறாங்க, நான் அடுத்த ஸ்லைடு எதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றான்.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே என்னிடம் ஒரு செய்தி தயாராக இருந்தது. தலைப்பு, மூன்று உட்பிரிவுகள், "கடைசியாக" எல்லாம் சேர்த்து. என்னவோ அது வாயில் வரவில்லை. எலியா தீர்க்கதரிசியின் ஞாபகம்தான் வந்தது. கர்மேல் மலையில் பாகால் தீர்க்கதரிசிகளுக்கு எதிரே அவ்வளவு பெரிய வெற்றி. வேதாகமத்தில் அடுத்த பக்கத்திலேயே ஓடிப்போய் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே" என்கிறார். அங்கே வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். திரும்ப எழுப்பி, திரும்பவும் சாப்பிடச் சொன்னான். அவ்வளவுதான். ஏன் விசுவாசம் குறைந்தது என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைத்தான் சொன்னேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் வீட்டுக்குப் போய்த் தூங்கலாமாண்ணா?" என்றான்.

நான் பதில் சொல்லுமுன் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "போய்த் தூங்கு தம்பி. எனக்கெல்லாம் மாசக்கணக்கில அப்படி இருந்திருக்கு. இப்பவும் சில நாள் அப்படித்தான்."

பையன் அசந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். நானும்தான். பல்லியையே கண் மூட வைக்கிற அக்கா! அவர் எங்களைப் பார்க்காமல், ஏற்கெனவே எண்ணி முடித்த வரிசையை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சொன்ன எலியாவைவிட அந்த நாற்காலிக் குரல் அவனுக்குள் ஆழமாக இறங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அந்த மாதக் கடைசிக் கூட்டத்தில் அப்போஸ்தலர் 20 வந்தது. பவுல் நடுராத்திரி வரை பிரசங்கிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிற பகுதி. எங்கள் பிள்ளைகளுக்கு வேதாகமத்திலேயே மிகவும் நெருக்கமான கதாபாத்திரம் அவன்தான். ஐயா அன்றைக்குப் பார்வையாளராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "தேவ வசனத்தைக் கேட்கும்போது தூங்கலாமா?" என்று நான் ஆரம்பித்தேன்.

ப்ரொஜெக்டர் பக்கமிருந்து குரல் வந்தது. "அவன் பாவம்ண்ணா. அது வாரத்தின் முதல் நாள். ரோமாபுரி ராஜ்யத்தில ஞாயிற்றுக்கிழமை லீவே கிடையாது. கான்ஸ்டன்டைன் லீவு விட்டது 321-லதான். அவன் பகலெல்லாம் வேலை பார்த்துட்டு வந்திருப்பான். அங்க நிறைய விளக்கு எரிஞ்சுதுன்னும் எட்டாம் வசனத்தில போட்டிருக்கு. அனலும் புகையுமா இருந்திருக்கும்."

கூட்டம் முழுக்க ஐத்திகு கட்சிக்கு மாறிவிட்டது. விழுந்தவனைப் பவுல் திட்டவில்லை, இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார் என்று ஒருத்தி எடுத்துச் சொன்னாள். அவன் உயிரோடு எழுந்தான் என்றதும் கைதட்டல். பிறகு பதினோராம் வசனத்தை வாசித்தோம். பவுல் மறுபடி மேலே ஏறிப்போய், அப்பம் பிட்டு, பொழுது விடியுமட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

"விழுந்த பிறகும் நிறுத்தலையா?" என்று நிஜமான அதிர்ச்சியோடு கேட்டது தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொண்டவன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். குறிப்பில் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. மூடி வைத்தேன். "யாராவது ஜெபிச்சு முடிங்க" என்றேன். வழக்கமான அமைதி, வழக்கமான குனிதல். வழிமொழிய முன்மொழிவே இல்லை. அப்போது லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து, இதுவரை வழிமொழிந்ததைத் தவிர சபையில் சத்தமாக ஜெபித்தே இராத அந்தக் குரல் வந்தது.

"ஆண்டவரே, இன்னைக்கு அண்ணன் 'கடைசியாக'ன்னு சொல்லாமலே முடிச்சதுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

ஐயாவிடமிருந்து வந்த "ஆமென்"தான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்தது.