மூன்றாவது டிவிடி 41 சதவீதத்தில் நின்றால் டிவிடியைத் திட்டாதீர்கள்

கம்பெனி தந்தபடியே விண்டோஸை மறுபடி நிறுவ உதவும் நாலு ரெக்கவரி டிவிடியும் ஒருவழியாகத் தேறிவிட்டன. வீணானவை 5 வெற்று டிவிடி, இரண்டு ராத்திரி. கோளாறு இருந்தது ஹார்டு டிஸ்க்கில். மாற்றி மாற்றிப் போட்டதோ டிவிடியை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மெஷின் 2011 மாடல் மடிக்கணினி. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், அதன் கடைசியில் 15 ஜிபி ரெக்கவரி பார்ட்டிஷன், அதாவது அந்த டிவிடிகளுக்கான சரக்கு இருக்கும் தனிப் பகுதி. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதில் மாட்டியிருக்கும் ஏ3 ஸ்கேனருக்குப் புதிய டிரைவர் கிடையாது. அதனால் நெட் இல்லாமல், ஸ்கேனுக்கு மட்டும்.

ஏதாவது ஒரு விண்டோஸ் ஐஎஸ்ஓவை (டிவிடியின் முழு நகல் ஃபைல்) போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. கம்பெனியே போட்டு அனுப்பிய விண்டோஸ் 7, பயாஸில் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) கம்பெனி பதித்து வைத்த எஸ்எல்ஐசி என்ற உரிம அட்டவணையையும் தன்னிடம் உள்ள சான்றிதழையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தானே ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். அதற்குப் பயன்படும் கீ வேறு, அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கீ வேறு. பொது ஐஎஸ்ஓ போட்டால் ஸ்டிக்கர் கீயைத்தான் கேட்கும். பத்து வருஷம் மடியிலும் மேஜையிலும் தேய்ந்த ஸ்டிக்கரில் எட்டுக்கும் பி-க்கும் வித்தியாசம் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ரெக்கவரி செட்டில் சான்றிதழும் கீயும் சேர்ந்தே வரும். விண்டோஸ் 8-லிருந்து கீ பயாஸிலேயே இருப்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட் எஃப்10, தோஷிபாவில் 0-ஐ அழுத்திக்கொண்டே பவர் என்று ஆளுக்கொரு வழி இருக்கிறது, டிவிடி எதற்கு என்றும் தோன்றும். ஹார்டு டிஸ்க் போனால் அந்தப் பார்ட்டிஷனும் கூடவே போகும். லினக்ஸ் போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பழைய மாடல்கள் சிலவற்றில் லினக்ஸின் பூட் மென்பொருளான கிரப், டிஸ்க்கின் முதல் செக்டரை (தகவல் எழுதும் சிறு துண்டு) மாற்றி எழுதியதுமே அந்த பட்டன் வேலை செய்யாது. 2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினிகளில் பாஸ் (BOSS) லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பரணில் தூங்கும் அந்த மெஷின்களைத் தூசி தட்டுகிறவர்கள் பட்டனை நம்பி இருக்க வேண்டாம்.

இனி முக்கியமான சங்கதி. முதல் இரண்டு டிவிடியும் சுத்தமாக எழுதின. மூன்றாவது 41 சதவீதத்தில் நின்றது. வேறு டிவிடி, அதே 41. வேகத்தை 8-லிருந்து 4-க்குக் குறைத்தேன், 41. வேறு பிராண்டு, மறுபடி 41. லென்ஸ் துடைத்தேன். கிரானைட் அறுக்கும் பட்டறைத் தூள் காற்றோடு வந்து படியும் ஊரில் லென்ஸ் அழுக்காவது சகஜம் என்பதால் பழியை அதன் மேல் போட்டதும் சுலபமாகிவிட்டது. இதற்குள் 5 டிவிடி டீ கிளாஸ் மூடியாகிவிட்டன.

நான்கு தடவையும் ஒரே எண்ணில் நிற்கிறதே, அங்கேயே உறைத்திருக்க வேண்டும். டிவிடி கெட்டதாக இருந்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் சொதப்பும். பெரும்பாலும் வெளி ஓரத்தில், அதாவது 80, 90 சதவீதம் தாண்டி, அல்லது எழுதி முடித்துச் சரிபார்க்கும்போது. ஒரே எண்ணில் நின்றால் படிக்கிற இடத்தில்தான் கோளாறு. இரண்டாவது அடையாளம்: நிற்கும் நேரத்தில் டிவிடி டிரைவ் சத்தம் அடங்கிவிடும், ஹார்டு டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரியும். மூன்றாவது, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் ஐடி 7, 'பேட் பிளாக்' என்று அப்பட்டமாக எழுதி வைத்திருந்தது. அதைப் பார்த்ததோ ஐந்தாவது டிவிடிக்கு அப்புறம்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில் 05 (மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்) பூஜ்யம், சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை) மட்டும் 8. எட்டு இடம் கெட்டிருக்கிறது என்று பதற வேண்டாம். இந்த டிஸ்க்குக்குள் ஒரு செக்டர் உண்மையில் 4096 பைட்; வெளியே 512 பைட்டாகச் சொல்வதால் ஒரே செக்டர் எட்டாகத் தெரிகிறது. ரெக்கவரி பார்ட்டிஷனை வருஷக் கணக்கில் யாரும் படிப்பதில்லை. அதனால் அங்கே செக்டர் பலவீனமானால் விண்டோஸ் ஓடும்போது ஒரு அறிகுறியும் காட்டாது.

இந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கட்டளையான செக்டிஸ்க்கை 'ஆர்' போட்டு ஓட்டாதீர்கள். நகல் எடுக்காத டிஸ்க்கை அது மணிக்கணக்கில் உழுதுகொண்டிருக்கும், படிக்க முடியாத இடத்தை ஒதுக்கிவிட்டுப் போய்விடும். நமக்கு வேண்டியது அந்த 4096 பைட்தான்.

லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ, அதாவது பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கட்டளை. பார்ட்டிஷனை மட்டும் எடுக்காமல் முழு டிஸ்க்கையும் இன்னொரு 500 ஜிபி டிஸ்க்குக்கு அப்படியே எடுத்தேன். மாற்று டிஸ்க்கில் குறைந்தது 97,67,73,168 செக்டர் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வால் அறுந்துவிடும், ரெக்கவரி பார்ட்டிஷன் இருப்பதே அந்த வாலில்தான். எது மூலம், எது நகல் என்பதை லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயரை நம்பி முடிவு செய்யாமல் சீரியல் நம்பரைப் பார்த்துச் செய்யவும். மாற்றிப் போட்டால் வெற்று டிஸ்க்கை அசல் மேல் எழுதிவிடும்.

முதல் சுற்று 'என்' சுவிட்சோடு: கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும். யுஎஸ்பி 2-ல் நொடிக்கு 30 எம்பி வீதம் நாலரை மணி நேரத்துக்கு மேல். நடுவில் கரண்ட் போனது. பேட்டரி செத்த மெஷின், அப்படியே அணைந்தது. எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் அந்த ஃபைலை பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் அது ராமோடு போயிருக்கும். தனி பென் டிரைவில் வையுங்கள். மேஜை ஃபேன் ஒன்றும் டிஸ்க் மேல் ஓடட்டும், சித்திரை வெயிலில் பகலில் இந்த வேலை வேண்டாம்.

முதல் சுற்று முடிவில் பாக்கி 64 கேபி. 'என்'னை எடுத்துவிட்டு 'டி' போட்டு மறுபடி ஓட்டியதும் 4096 பைட்டுக்குச் சுருங்கியது. 'டி' இல்லாவிட்டால் லினக்ஸ் கெர்னலின் கேஷ் (படித்ததைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) நடுவில் புகுந்துகொள்ளும். 'ஆர் 3' என்று மூன்று முறை முயன்றும் அசையவில்லை. பிறகு பெரிய எழுத்து 'ஆர்', அதாவது பின்னாலிருந்து முன்னால் படிப்பது. இரண்டாவது முயற்சியில் பாக்கி 0. பின்னாலிருந்து வந்தால் ஏன் படிக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், கையில் கிடைத்ததை விடவும் மாட்டேன்.

நகலை மடிக்கணினிக்குள் மாட்டியதும், ரெக்கவரி டிவிடி எழுதும் கம்பெனிக் கருவி 41-ஐச் சாதாரணமாகக் கடந்தது. சில கம்பெனிக் கருவிகள் ஒரே ஒரு செட்தான் எழுத விடும், எச்பி அப்படித்தான். இடையில் நின்றால் அது கணக்கில் வராது. கடைசி டிவிடி முடிந்த பிறகுதான் கதவு சாத்தும். எனவே முடிந்ததும் நான்கையும் ஐஎஸ்ஓவாக எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்தாயிற்று. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிவிடியை இந்தக் கருவி ஏற்காது. 4 வேகத்தில் ஒரு டிவிடிக்கு 14 நிமிடம், அப்புறம் சரிபார்ப்பு. மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். நடு ஓட்டையைச் சுற்றி மார்க்கரில் 1, 2, 3, 4 போதும்.

வெற்று டிவிடி கிடைப்பதே இப்போது பெரும்பாடு. மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போனது. அந்தப் பெயரில் இன்னும் கிடைத்தால் பழைய சரக்கு, வேண்டாம். கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் கடைகளைவிடக் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களில் கேளுங்கள், 50 கொண்ட டப்பாவைப் பிரித்து உதிரியாகத் தருவார்கள். மொத்தமாக வேண்டுமென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு, பஸ் ஏறினால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அங்கே டப்பாவைத் திருப்பி அடிப்பக்கச் சாயம் ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். அடுத்த முறை போகும்போது மெல்லிய டிவிடி டிரைவ் ஒன்றும் சாட்டா கேபிள் இரண்டும் வாங்க வேண்டும். டிவிடி டிரைவ் இடத்தில் இரண்டாவது டிஸ்க் மாட்டும் சட்டம் (caddy) கிடைத்தால் அதுவும், 9.5 மில்லிமீட்டரா 12.7-ஆ என்று அளந்துகொண்டு போகாவிட்டால் திரும்பப் போக வேண்டிவரும்.

எழுதியாயிற்று என்பதற்காக இவற்றை இன்னும் ரெக்கவரி டிவிடி என்று ஒப்புக்கொள்ளவில்லை. நகலைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றாவதாக ஒரு வெற்று 500 ஜிபி டிஸ்க்கை மாட்டி, முதல் டிவிடியிலிருந்து பூட் செய்து முழுசாக நிறுவும் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. 240 ஜிபி எஸ்எஸ்டியில் நேராகப் போடத்தான் ஆசை. ஆனால் இந்த மாதிரிக் கருவிகளில் சில அசலைவிடச் சிறிய டிஸ்க்கை ஏற்காது. அதனால் முதலில் இதில், பிறகு பார்ட்டிஷனைச் சுருக்கி எஸ்எஸ்டிக்கு. இதை எழுதும்போது மூன்றாவது டிவிடி முடிந்து, நாலாவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.