ஒரு கால் இல்லாத நண்டு: எங்கள் அரிசிப் பைப் படத்தை மீட்ட அனுபவம்

2024 ஆவணியில் ஒரு மதியம் திருச்சியிலிருந்து நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். "அண்ணி, நம்ம பை இங்க ஒரு கடையில இருக்கு, பேரு மட்டும் வேற. புதுசா ஏதும் ஆரம்பிச்சிருக்கீங்களா?" பெரிதாக்கிப் பார்த்தேன். நடவு நடும் பெண், இழுத்துச் செருகிய புடவை, பின்னால் ஒற்றைப் பனை, வரப்பில் ஒரு வயல் நண்டு. அந்த நண்டுக்கு இடப்பக்கம் ஒரு கால் கிடையாது. எங்கள் நண்டேதான்.

பாபநாசம் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி என்று பாரம்பரிய அரிசி விற்கிறோம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கி, மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்து ஆரம்பித்த தொழில். பைக்குப் படம் வரைந்தவர் அப்போது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. நாலு நாள் எங்கள் வயல் வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு டேப்லெட்டில் கோட்டோவியமாகப் போட்டுக் கொடுத்தார். நண்டைப் பற்றிக் கேட்டதற்கு, "நான் பாத்த நண்டு அப்படித்தான் இருந்துச்சு அக்கா" என்றார். ஜிபேயில் 6,000 ரூபாய் அனுப்பினேன். எங்களுக்குள் எழுத்தாக வேறு எதுவும் இல்லை.

அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தத்தான் முதலில் தோன்றியது. கும்பகோணத்தில் தெரிந்த வக்கீல் சார் தடுத்துவிட்டார். "முதல்ல அந்தக் கடையில ரெண்டு பை வாங்குங்க, பில்லோட. இணையத்துல விக்கிறானான்னு பாத்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. எடுத்த போனை மாத்தாதீங்க." 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவுப்படி, இந்த மாதிரி மின்னணு ஆதாரத்துக்குக் கூடவே ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டுமாம். எந்தப் போனில், எப்போது எடுத்தது என்பதெல்லாம் அதில் வரும்.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சரிம்மா, படம் யாரோடது?"

காசு கொடுத்தது நான், அதனால் என்னுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படி நேராகச் சொல்லவில்லை. (பலரும் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட். படம், எழுத்து, பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை.) சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் முதலாளிக்குப் போகும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் வரையச் சொன்ன வண்ண ஓவியமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்குப் போகும். வெளியாளிடம் வரையச் சொன்ன கோட்டோவியம், லோகோ, எழுத்துரு அமைப்பு இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. வரைந்தவர்தான் உரிமையாளர். அதாவது எங்கள் இணையப் பக்கத்து அரிசிப் புகைப்படங்கள் எங்களுடையவை, மூணு வருஷமாகப் பையில் அச்சடித்த நடவுப் பெண் எங்களுடையவள் இல்லை. "கோட்டோவியமும் ஓவியம்தானேன்னு வாதாடலாம். ஆனா எதிராளிக்கு அந்த வாய்ப்பைக் குடுக்க வேணாம், எழுதி வாங்கிடுங்க" என்றார் சார்.

தம்பி இப்போது சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் இருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது வீட்டுக்கே போனோம். சங்கடமாகத்தான் இருந்தது. நம்மிடம் ஒன்றும் எழுதி வாங்காமல் வரைந்து கொடுத்த பிள்ளையிடம் போய் இப்போது கையெழுத்துக் கேட்கிறோமே என்று. எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன், இன்னொரு தொகையும் பேசிக் கொடுத்தோம். உரிமை மாற்றுப் பத்திரத்தில் எந்தப் படம், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடு, எவ்வளவு பணம் என்று ஒவ்வொன்றும் எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். தம்பி கேட்டது ஒன்றே ஒன்று. "பையில என் பேரை ஓரமா போடுங்கக்கா." உரிமையை விற்றாலும் வரைந்தவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-வது பிரிவுப்படி அவரிடமே இருக்கும் என்றார் சார். அவர் கேட்டிருக்கவே வேண்டாம், நாங்கள் முதல் பையிலேயே போட்டிருக்க வேண்டும். படத்தின் மூலக் கோப்பை, வரைந்த தேதிகளோடு, லேயர் லேயராகக் கொடுத்தார். நண்டு தனி லேயரில் இருந்தது.

பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை, வரைந்த நிமிஷமே உரிமை வந்துவிடுகிறது. ஆனால் பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல் நோக்கில் ஆதாரமாக ஏற்கும் என்பதால் டெல்லிப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தோம். சாதாரணப் படத்துக்கு 500 ரூபாய், சரக்கில் பயன்படும் படத்துக்கு 2,000. அப்படிப்பட்ட படத்துக்கு, இதே போன்ற வணிகச்சின்னம் இல்லை என்று டிரேட்மார்க் பதிவகத்தின் சான்றிதழும் கேட்பார்கள். நாங்கள் முதலில் அதை வைக்காமல் அனுப்பி, குறை இருக்கிறது என்று கடிதம் வந்து, மறுபடி அலைந்தோம். டைரி எண் உடனே வந்துவிடும், ஆட்சேபணைக்கு 30 நாள் விடுவார்கள், எங்களுக்கு எல்லாம் முடிய ஒன்பது மாதம் ஆனது. அதற்காகக் காத்திருக்கவில்லை.

அந்த வியாபாரி இணையத்திலும் விற்றார். அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி விற்பனைத் தளத்துக்கு நான் முதலில் அனுப்பிய புகார் தள்ளுபடியானது. "எங்கள் பொருளைக் காப்பி அடிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தேன், அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டாவது தடவை அந்தப் பக்கத்தின் முழு முகவரி, இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில், பத்திரத்தின் நகல் எல்லாம் வைத்து அனுப்பினோம், எடுத்துவிட்டார்கள். எழுத்துப் புகார் கிடைத்து 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்று 2013 பதிப்புரிமை விதிகளில் இருக்கிறது. 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். அதனால் அதே வாரம் வக்கீல் நோட்டீஸும் பதிவுத் தபாலில் போனது.

பதிலில் வந்தது இன்னொரு அடி. அந்த வியாபாரி, "பை அடிச்சுக் குடுத்த பிரஸ்ஸிலதான் இந்தப் படத்தைக் காட்டினாங்க, அஞ்சாறு மாதிரியில இதைத் தேர்ந்தெடுத்தேன்" என்று எழுதி, பிரஸ் பில்லையும் வைத்திருந்தார். எங்கள் பையை அடித்த அதே பிரஸ். எங்கள் கோப்பு அவர்கள் கம்ப்யூட்டரிலேயே கிடந்திருக்கிறது. இப்போது எந்த பிரஸ்ஸுக்குக் கோப்பு கொடுத்தாலும், வேறு யாருக்கும் பயன்படுத்த மாட்டோம், வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

போலீஸுக்குப் போகலாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் உண்டு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றமே 2022-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தெரிந்தே செய்தவருக்கு. பில்லைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை, அவரும் எங்களைப் போல ஒரு சின்ன வியாபாரி. சிவில் வழக்கு என்றால் திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை, நாம் தொழில் செய்யும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே போட 62-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அதை நோட்டீஸிலேயே சார் எழுதியிருந்தது பேச்சுக்கு உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். மாசியில் சமரசத்தை முத்திரைத்தாளில் எழுதி முடித்தோம். மிச்சப் பைகளை எங்கள் முன்னால் வெட்டிப் போட்டார். வக்கீல் செலவைப் பிரஸ்காரர் ஏற்றுக்கொண்டார்.

பட்டு நெய்யும் திருபுவனம், சிலை வார்க்கும் சுவாமிமலைப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. நெசவில் வரும் டிசைன் மாதிரி பொருளிலேயே சேர்ந்து வருவதை 2000-ம் வருஷத்து வடிவமைப்புச் சட்டத்தில் பதியாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். புவிசார் குறியீடு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அது ஊருக்குப் பொதுவானது, உங்கள் ஒருவருடைய டிசைனைக் காப்பாற்றாது.

அந்த வியாபாரி இப்போது புதுப் பை போட்டிருக்கிறார். அதிலும் நடவு நடும் பெண்தான், ஆனால் வேறு கை வரைந்தது. நடவு நடும் பெண் என்ற எண்ணத்துக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது, ஆகவும் கூடாது. எங்கள் புதுப் பை போன வாரம் வந்தது. வரப்புக்குக் கீழே தம்பி பெயர் இருக்கிறது, நண்டுக்கு நேர் கீழே.