களத்துத் தராசுக்கு ஒரு கம்பைலர்

காங்கேயம் பக்கத்தில் என் மாமாவுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. காய்ந்த கொப்பரையை மூட்டையாகக் கட்டித் தராசில் ஏற்றுவார்கள். ஒருவர் எடையை வாசிக்க, இன்னொருவர் நோட்டில் எழுதுவார். மாலையில் அந்த நோட்டைப் பார்த்து, அறையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் பில் போடுவார்கள். ஓர் எண் இப்படி மூன்று கை மாறும்போது எங்காவது 47 என்பது 41 ஆகிவிடும். அதனால் வரும் மனக்கசப்பைச் சிறு வயதிலிருந்து பார்த்தவன் நான்.

தராசின் பின்பக்கம் ஒரு சீரியல் போர்ட் இருந்தது. அதில் ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ என்ற சின்னஞ்சிறு கணினியைப் (இனி ‘பை’) பொருத்தி, எடையை அங்கேயே பதிவு செய்து, அறையில் உள்ள விண்டோஸ் கணினிக்கு அனுப்புவது என் திட்டம். நிரலை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதினேன். என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். ஆக, ஒரே நிரல் மூன்று வகை இயந்திரங்களில் ஓட வேண்டும். எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. மூன்றுக்கும் அதைக் கம்பைல் செய்யும், அதாவது எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டும் கோப்பாக மாற்றும், கருவிகளை ஒழுங்காக அமைக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையிலேயே நேரடியாகக் கம்பைல் செய்தால் என்ன என்று கேட்கலாம். அதைத்தான் முதலில் செய்தேன். அதில் இருப்பது ஒற்றைக் கோர், 512 எம்பி நினைவகம். எடைகளைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) நிரலோடு சேர்த்திருந்தேன். அது ஒரே சி கோப்பாகக் கிடைக்கிறது. இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். அதை மட்டும் கம்பைல் செய்யவே பல நிமிடங்கள் பிடித்தன. என் நிரலில் ஒரு வரியைத் திருத்தினாலும் காத்திருப்புதான். மடிக்கணினியில் கம்பைல் செய்து பைக்குக் கொண்டுபோவதே சரி என்று முடிவெடுத்தேன்.

உபுண்டுவில், பையில் இருக்கும் ஏஆர்எம் வகை ப்ராசஸருக்கான ஜிசிசி கம்பைலர் ஒரே கட்டளையில் வந்து இறங்குகிறது. கம்பைல் செய்தேன், பிழையில்லை. கியூஇமு என்ற போலி ப்ராசஸர் மூலம் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்த்தேன்; அருமையாக ஓடியது. சனிக்கிழமை காலை களத்துக்குப் போய்ப் பையில் போட்டேன். ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் நின்றுவிட்டது.

இதன் காரணம் அப்போதே புரிந்தது. சி நிரல்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளமான லைப்ரரி ஜிலிப்சி. உபுண்டு 22.04 இல் இருப்பது 2.35. பையில் இருந்ததோ டெபியன் 11 என்ற லினக்ஸை அடியொற்றிய இயங்குதளம், அதில் 2.31. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்ற உறுதி கிடையாது. 2.34 இல், ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்ட உதவும் த்ரெட் லைப்ரரியை ஜிலிப்சியோடு இணைத்து, நிரலின் தொடக்கத்தில் அழைக்கப்படும் அழைப்புக்கே புதிய பதிப்பு எண் கொடுத்துவிட்டார்கள். அதனால் உள்ளே ஒன்றுமே செய்யாத நிரலைக்கூட 22.04 இல் கட்டினால் அது 2.34 ஐக் கேட்கும்.

சரி, லைப்ரரியையும் நிரலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் வெளியில் எதையும் தேட வேண்டியதில்லையே என்று, கொப்பரை மூட்டை மேல் உட்கார்ந்தபடியே ஸ்டாட்டிக் முறையில் மறுபடி கட்டினேன். இம்முறை இரண்டே சொற்கள் வந்தன: இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன். ப்ராசஸருக்குத் தெரியாத ஆணையை நிரல் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

“என்ன மாப்பிள்ளை, தராசு பேசுகிறதா?” என்று மாமா கேட்டார்.

“இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் மாமா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நாள் செலவானது. ஏஆர்எம்எச்எஃப் என்ற பெயரை டெபியனும் உபுண்டுவும் பயன்படுத்துகின்றன. ராஸ்பெரி பை இயங்குதளத்தின் 32 பிட் பதிப்பும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் டெபியனில் அந்தப் பெயருக்கு ஏஆர்எம் ஏழாம் பதிப்பு ப்ராசஸர் என்று பொருள். பை ஸீரோவிலும் முதல் பையிலும் இருப்பது ஆறாம் பதிப்பு. பழைய பலகைகள் கைவிடப்படக் கூடாது என்பதற்காக ராஸ்பெரி பைக்காரர்கள் தங்கள் இயங்குதளம் முழுவதையும் ஆறாம் பதிப்புக்கே கட்டித் தருகிறார்கள். இரண்டுமே நியாயமான முடிவுகள். பெயர் ஒன்றாக இருப்பதுதான் புதிதாக வருபவரைக் கவிழ்க்கிறது.

அப்படியென்றால் கம்பைலரிடம் ஆறாம் பதிப்புக்குக் கட்டு என்று சொன்னால் போதுமே? சொன்னேன். தம்ப் 1 முறையில் ஹார்டு ஃப்ளோட் (தசமக் கணக்கை ப்ராசஸரின் தனிப் பகுதியே செய்யும் முறை) இன்னும் ஆதரிக்கப்படவில்லை என்று மறுத்தது. உபுண்டுவின் கம்பைலர் தம்ப் என்ற சுருக்க ஆணைத் தொகுதியை இயல்பாகவே பயன்படுத்தும். அதை நிறுத்தச் சொல்லிக் கட்டளையில் இன்னொரு சுவிட்ச் (விருப்பத் தேர்வு) சேர்த்தேன். கம்பைல் ஆனது. பையில் போட்டால் மறுபடியும் அதே இரண்டு சொற்கள்.

அன்றிரவு ரீட்எல்ஃப் என்ற கருவியால் இயங்கு கோப்பின் உள்ளே பார்த்தேன். ப்ராசஸர் பதிப்பு என்ற இடத்தில் ஏழு என்று இருந்தது. நான் கேட்டது ஆறு. என் கோப்புகளை மட்டும் தனித்தனியாகப் பார்த்தேன். அவை எல்லாமே ஆறுதான். ஏழு எங்கிருந்து வந்தது? என் வரிகள் ஓடத் தொடங்கும் முன்பே ஓடும் தொடக்கக் கோப்பு, ஜிலிப்சி, ஜிசிசியின் துணை லைப்ரரி ஆகிய மூன்றும் கம்பைலரோடு சேர்ந்து ஆயத்தமாக வந்தவை. அவை ஏழாம் பதிப்புக்கு முன்கூட்டியே கட்டப்பட்டவை. நான் சுவிட்ச் போட்டது என் வரிகளுக்கு மட்டும்தான் செல்லும். ஏற்கெனவே கட்டி வைத்ததை அது மாற்றாது. கம்பைலரை நிறுவினால் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பாதிதான், அந்தக் கம்பைலர் எந்த லைப்ரரிகளோடு வருகிறது என்பது மறுபாதி.

பிறகு கிராஸ்டூல் என்ஜி என்ற கருவிக்குப் போனேன். நமக்கு வேண்டிய கம்பைலரையும் அதற்கான லைப்ரரிகளையும் மூலத்திலிருந்தே கட்டித் தருவது அது. ராஸ்பெரி பைக்கான மாதிரி அமைப்பு ஒன்று அதிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, ஆறாம் பதிப்பு, ஹார்டு ஃப்ளோட், ஜிலிப்சி 2.31 என்று குறித்தேன். இயங்குதளத்தின் மையமான கர்னலின் ஹெடர்களை, அதாவது அதன் அறிவிப்புக் கோப்புகளை, பையில் ஓடும் கர்னலைவிடப் புதியதாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

இங்கே பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று சொற்கள் வரும், குழம்ப வேண்டாம். கம்பைலரைக் கட்டுகிற கணினி பில்ட். கட்டி முடித்த கம்பைலர் ஓடப்போகும் கணினி ஹோஸ்ட். அந்தக் கம்பைலர் உருவாக்கும் நிரல் ஓடும் கணினி டார்கெட். எனக்கு முதல் இரண்டும் என் மடிக்கணினி, மூன்றாவது பை. இன்னொன்று: ரூட் எனும் முழு அதிகாரப் பயனராக இருந்தால் கிராஸ்டூல் வேலையைத் தொடங்காது. அந்த மறுப்பைச் சுற்றி வழி தேடாமல் சாதாரணப் பயனராகவே கட்டுங்கள். டெக்ஸ்இன்ஃபோ, ஹெல்ப்டூமேன் போன்ற துணைப் பொதிகளை முதலிலேயே நிறுவிவிட்டால் நடுவழியில் நிற்காது. என் மடிக்கணினியில் ஒன்றரை மணி நேரம் ஓடியது.

முடிந்ததும் ரீட்எல்ஃப் ஆறு என்று காட்டியது. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கியூஇமுவில் முதல் நாளே ஓடியது ஏன் என்ற கேள்வி மட்டும் மனதில் நின்றது. எந்த ப்ராசஸர் என்று சொல்லாவிட்டால், கியூஇமு தன்னால் முடிந்த எல்லா ஆணைகளும் தெரிந்த ப்ராசஸராக நடந்துகொள்ளும். பை ஸீரோவில் இருக்கும் ஏஆர்எம் 1176 போல நட என்று பெயர் சொல்லிக் கேட்டவுடன், பழைய கோப்பு என் மேசையிலேயே இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று விழுந்தது. இந்த ஒரு சுவிட்ச் தெரிந்திருந்தால் அந்தச் சனிக்கிழமைப் பயணம் மிச்சம்.

நிரல் பையில் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. தராசிலிருந்து எழுத்து எதுவும் வராதபோது மைனஸ் ஒன்று திரும்பும்படி ஒரு ஃபங்‌ஷன் எழுதி, அதன் விடையை ஓர் எழுத்துக்கான சார் வகையில் வாங்கியிருந்தேன். மடிக்கணினியில் சரியாக வேலை செய்தது. பையில் தராசு சும்மா இருக்கும்போதும் 255, 255 என்று எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. இன்டெல் லினக்ஸில் சார் வகைக்கு எதிர்மறை எண் உண்டு. ஏஆர்எம் லினக்ஸில் கிடையாது. இரண்டையும் மொழியின் விதி அனுமதிக்கிறது. சார் என்பதை முழு எண்ணுக்கான இன்ட் என்று மாற்றினேன், சரியானது. இதைக் கம்பைலர் சுவிட்ச் போட்டும் சரிசெய்யலாம். ஆனால் தவறு நிரலில் இருக்கும்போது நிரலையே திருத்துவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து.

விண்டோஸ் பக்கம் இவ்வளவு பாடுபடவில்லை. விண்டோஸ் நிரல் உருவாக்கும் மிங்டபிள்யூ 64 கம்பைலரும் உபுண்டுவிலேயே கிடைக்கிறது. அதில் போசிக்ஸ், வின்32 என்று இரண்டு வகைகள் உண்டு. 22.04 இல் இயல்பாக அமைவது வின்32. அதில் சி பிளஸ் பிளஸ்ஸின் த்ரெட் வசதி இல்லை. போசிக்ஸ் வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் ஹெடரின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால், லினக்ஸில் அந்தக் கோப்பே இல்லை என்று சொல்லும்; மிங்டபிள்யூவில் அது முழுவதும் சிறிய எழுத்து. ஸ்டாட்டிக்காகக் கட்டினால், மாமாவின் கணினியில் டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு) காணவில்லை என்ற பெட்டி வராது.

தமிழ்ப் பெயர்களில் மட்டும் சிக்கியது. கொப்பரை கொண்டுவருபவர் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே ஒரு கோப்பு. விண்டோஸில் கோப்புறையைத் திறந்தால், எல்லாப் பெயரும் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறியுமாக நிரம்பி வழிந்தன. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்; முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. விண்டோஸ் அவற்றைப் பழைய ஆன்சி கோட்பேஜின்படி (எழுத்து அட்டவணையின்படி) பைட்டுக்கு ஓர் எழுத்தாக வாசித்துவிட்டது. அந்த ஆன்சி வரிசையில் தமிழுக்கு ஒரு கோட்பேஜே கிடையாது. விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பிலிருந்து, இந்த நிரலுக்கு யுடிஎஃப் 8 என்று மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் அறிவிக்கலாம். அதை விண்ட்ரெஸ் என்ற கருவி மூலம் நிரலோடு சேர்த்தேன். கருப்பண்ணசாமி கருப்பண்ணசாமியாகவே தெரிந்தார்.

கடைசியாக, கட்டும் வேலையை நிர்வகிக்கும் சிமேக்கில், எந்தக் கம்பைலர் என்று சொல்லும் டூல்செயின் கோப்புகள் இரண்டு எழுதி, மூன்று இடத்துக்கும் மூன்று ப்ரீசெட் (முன் அமைப்பு) அமைத்தேன். லைப்ரரியையும் ஹெடரையும் டார்கெட்டின் கோப்புறையில் மட்டும் தேடு என்று டூல்செயின் கோப்பில் தவறாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் மடிக்கணினியின் லைப்ரரியைக் கொண்டுவந்து பையின் நிரலோடு ஒட்டப் பார்க்கும். டூல்செயின் கோப்பை மாற்றினால் பழைய பில்ட் கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். சிமேக் முதலில் பார்த்த கம்பைலரையே நினைவில் வைத்திருக்கும்.

இப்போது களத்தில் மூட்டை தராசில் ஏறியதும் அறையில் எடை விழுகிறது. மாமா நோட்டை இன்னும் எடுத்து வைக்கவில்லை. ஒரு மாதம் இரண்டிலும் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்றார். அதுவும் சரிதான்.

போன வாரம் பக்கத்துக் களத்துக்காரர் தமக்கும் இதுபோல வேண்டும் என்று கேட்டார். அவரிடம் ஏற்கெனவே வேறொரு பை இருக்கிறது. அவர் மகனிடம் இரண்டு கட்டளைகளைச் சொல்லி, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்று ப்ராசஸர் வகையைக் காட்டும், மற்றது ஜிலிப்சி பதிப்பைக் காட்டும். 64 பிட் ஏஆர்எம், 2.36 என்று வந்தது. உபுண்டு தரும் 64 பிட் ஏஆர்எம் கம்பைலரே அதற்குப் போதும், 2.35 இல் கட்டியது 2.36 இல் ஓடும். இன்னொரு டூல்செயின் கோப்பை அன்று மாலையே எழுதிவிட்டேன்.